'ஹேண்ட்' என்ற ஆங்கிலச் சொல்: எங்கே எந்தப் பொருள்?

கேள்வி இதுதான்: 'ஹேண்ட்' என்றால் கை என்று சின்ன வயதிலேயே படித்துவிட்டோம். அப்புறம் 'அட் ஹேண்ட்', 'ஆன் ஹேண்ட்', 'இன் ஹேண்ட்' எல்லாம் ஏன் வெவ்வேறு பொருள் தருகின்றன? அகராதியில் இந்த ஒரு சொல்லுக்குக் கீழே பக்கம் பக்கமாகப் போகிறதே, எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது?

பொருள்களை எண்ணி மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு விஷயம் தெளிவானால் போதும். ஒன்று, ஆங்கிலக்காரர்களின் ஹேண்ட் நம் கையைவிடச் சிறியது. இன்னொன்று, அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டி நிற்கும் குட்டிச் சொல்தான் பொருளை முடிவு செய்கிறது.

முதலாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. தமிழில் தோளிலிருந்து விரல்நுனி வரை எல்லாமே கை. ஆங்கிலத்தில் ஹேண்ட் என்பது மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை மட்டும். அதற்கு மேலே தோள் வரை 'ஆர்ம்'. "கையில் தடுப்பூசி போட்டார்கள்" என்பதை 'இன் த ஹேண்ட்' என்று சொன்னால், கேட்பவர் புறங்கையில் குத்தியதாகத்தான் நினைப்பார். சலைன் ஏற்றும் ஊசியைப் புறங்கையில் போடுவது வழக்கம்; அதற்கு அந்தச் சொல் சரி. தோளுக்குக் கீழே போடும் தடுப்பூசிக்கு 'இன் த ஆர்ம்' என்றே சொல்ல வேண்டும். "கை உடைந்துவிட்டது" என்று மருத்துவரிடம் சொல்லும்போது முழங்கைக்கு மேலேயா, முன்கையிலா, உள்ளங்கை எலும்பிலா என்பதைத் தமிழில் அவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சொல்லே பாதி விடையைச் சொல்லிவிடும். தவறான சொல் தவறான இடத்தைக் காட்டும்.

"கையைக் கட்டிக்கொண்டு நின்றான்" என்பது 'வித் ஹிஸ் ஆர்ம்ஸ் ஃபோல்டட்'. இதையே 'வித் ஃபோல்டட் ஹேண்ட்ஸ்' என்று எழுதினால் கைகூப்பி நின்றான் என்றோ, விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றான் என்றோ ஆகிவிடும். மார்பில் கை கட்டி நிற்பவரும் கும்பிட்டு நிற்பவரும் ஒருவர் அல்லவே. "குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தாள்" என்றால் 'இன் ஹெர் ஆர்ம்ஸ்'. 'இன் ஹெர் ஹேண்ட்ஸ்' என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள் என்ற படம் வரும். அல்லது குழந்தையின் பொறுப்பு அவளிடம் இருக்கிறது என்ற வேறு பொருள் வரும். காலிலும் இதே கதைதான்: கணுக்காலுக்குக் கீழே 'ஃபூட்', மேலே 'லெக்'. நமக்கு இரண்டும் கால்.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரியாமலேயே தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டக்காரரைப் பற்றிய குறிப்பில் 'ரைட்-ஹேண்ட் பேட்' என்று வரும். பந்துவீச்சுக்கு 'லெஃப்ட்-ஆர்ம் ஸ்பின்' என்று வரும். மட்டையைப் பிடிப்பது மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதி, அதனால் ஹேண்ட். பந்தை வீசுவது தோளிலிருந்து சுழலும் முழு உறுப்பு, அதனால் ஆர்ம். விதிப்புத்தகமும் இதைக் கவனமாகவே கையாள்கிறது. மட்டையைப் பிடித்திருக்கும் ஹேண்டும் அதிலிருக்கும் கையுறையும் மட்டையின் பகுதி. அதனால் பந்து கையுறையில் பட்டு, தரையைத் தொடாமல் பிடிக்கப்பட்டால் அவுட். மட்டையை விட்டு விலகிய கையில் பட்டால் அவுட் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே முன்கையில் பட்டாலும் இல்லை. 'ஹேண்டில்ட் த பால்' என்று தனியாக ஒரு அவுட் முறை முன்பு இருந்தது. 2017-ல் விதிகளைத் திருத்தியபோது அதை 'அப்ஸ்ட்ரக்டிங் த ஃபீல்ட்' (களத்தடுப்புக்கு இடையூறு செய்தல்) என்பதற்குள் சேர்த்துவிட்டார்கள். கால்பந்தில் நேர்மாறு. அங்கே 'ஹேண்ட்பால்' குற்றத்துக்கு அக்குளின் அடிமட்டத்துக்குக் கீழே உள்ள எந்தப் பகுதியும் கணக்கு. ஆங்கிலச் சொல் நம் 'கை' அளவுக்கு நீளும் அபூர்வமான இடம் அது.

இனி முன்சொற்கள். இதில்தான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

'அட் ஹேண்ட்' என்றால் பக்கத்தில், நெருங்கி. இடத்தாலும் இருக்கலாம், காலத்தாலும் இருக்கலாம். கைநீட்டினால் எட்டும் இடத்தில் அகராதி இருக்கிறது என்றாலும் இதுதான், தேர்வு நெருங்கிவிட்டது என்றாலும் இதுதான். 'த மேட்டர் அட் ஹேண்ட்' என்றால் இப்போது நம் முன்னால் இருக்கும் விஷயம். கூட்டத்தில் பேச்சு எங்கேயோ போகும்போது திருப்பிக் கொண்டுவர இதைப் பயன்படுத்துவார்கள்.

'ஆன் ஹேண்ட்' என்பது நெருக்கத்தைவிடத் தயார்நிலையைக் குறிக்கும். தமிழில் 'கையிருப்பு', 'கைவசம்' என்று சொல்கிறோமே, அதேதான். கணக்கேட்டில் 'கேஷ் ஆன் ஹேண்ட்' என்றால் கையிருப்புப் பணம். கிடங்கில் 'ஸ்டாக் ஆன் ஹேண்ட்' என்றால் சரக்கிருப்பு. ஆட்களுக்கும் வரும். போட்டி நடக்கும் இடத்தில் ஒரு மருத்துவர் 'ஆன் ஹேண்ட்' இருந்தார் என்றால், தேவைப்பட்டால் உதவ அங்கேயே தயாராக இருந்தார் என்று பொருள். 'அட்'டும் 'ஆன்'னும் சில இடங்களில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். சந்தேகம் வந்தால் 'பக்கத்தில்' என்று மாற்றிப் பாருங்கள், பிறகு 'கைவசம்' என்று மாற்றிப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதற்குரியதைப் போடுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 'ஆன் ஹேண்ட்' என்பதோடு 'மை', 'ஹிஸ்' போன்ற உடைமைச் சொல்லும் பன்மையும் சேர்ந்து 'ஆன் மை ஹேண்ட்ஸ்' ஆனால் பொருள் தலைகீழாகிவிடும். 'ஸ்டாக் ஆன் ஹேண்ட்' விற்பனைக்குத் தயாராக இருக்கும் சரக்கு. 'ஸ்டாக் ஆன் மை ஹேண்ட்ஸ்' விற்காமல் என் தலையில் வந்து விடிந்த சரக்கு. ஆங்கிலத்தில் சுமை கைகளில் ஏறுகிறது, தமிழில் தலையில். 'டைம் ஆன் மை ஹேண்ட்ஸ்' என்றால் எப்படிப் போக்குவது என்று தெரியாமல் மிஞ்சிக் கிடக்கும் பொழுது. "என்னிடம் நேரம் இருக்கிறது, சந்திக்கலாம்" என்று மரியாதையாக எழுத நினைத்து இதைப் போட்டால், வேலையில்லாமல் சும்மா இருக்கிறேன் என்று படிக்கப்படும்.

'இன் ஹேண்ட்' மூன்றுவிதமாக வேலை செய்யும். ஒரு வேலை 'இன் ஹேண்ட்' என்றால் அது நடந்துகொண்டிருக்கிறது, கட்டுக்குள் இருக்கிறது. பணத்தைப் பற்றி வந்தால் ரொக்கமாகக் கையில் வாங்குவது. பிரிட்டனில் 'கேஷ் இன் ஹேண்ட்' வேலை என்றாலே வரிக் கணக்கில் காட்டாமல் ரொக்கமாகக் கூலி வாங்கும் வேலை என்ற வாடை அடிக்கும். அங்கே விண்ணப்பக் கடிதத்தில் அதை எழுதுவது நல்லதல்ல. பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தை நம்மவர்கள் 'இன்-ஹேண்ட் சாலரி' என்கிறார்கள். மற்ற நாட்டாருக்கு 'டேக்-ஹோம் பே' என்றால்தான் உடனே புரியும். மூன்றாவது பொருள் 'இன்னும் மிச்சம் இருப்பது'. 'சிக்ஸ் விக்கெட்ஸ் இன் ஹேண்ட்' என்று வர்ணனையாளர் சொன்னால் 4 விக்கெட் விழுந்திருக்கிறது, 6 மீதி என்று கணக்கு. லீக் பட்டியலில் ஒரு அணிக்கு 'எ கேம் இன் ஹேண்ட்' என்றால், போட்டியாளரைவிட ஒரு ஆட்டம் குறைவாக ஆடியிருக்கிறது. அந்த ஆட்டம் இன்னும் பாக்கி.

'டு ஹேண்ட்' இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை. எட்டும் இடத்தில் என்ற பொருளில் பிரிட்டிஷ் எழுத்தில் வரும். "தங்கள் கடிதம் கிடைத்தது" என்பதற்குப் பழைய வணிகக் கடிதங்களில் 'யுவர் லெட்டர் இஸ் டு ஹேண்ட்' என்று எழுதினார்கள். இன்று அப்படி எழுத வேண்டாம். 'பை ஹேண்ட்' எளிது: இயந்திரம் இல்லாமல் கையால் செய்தது. உறையின் மேல் இருந்தால், அஞ்சலில் போடாமல் நேரில் சேர்ப்பித்தது.

'அவுட் ஆஃப் ஹேண்ட்' என்பதற்கு இரண்டு பொருள் உள்ளது, பொருளைத் தீர்மானிப்பது அதற்கு முன்னால் வரும் வினைச்சொல். 'கெட்' வந்தால் கைமீறிப் போவது. தமிழும் ஆங்கிலமும் அச்சொட்டாக ஒத்துப்போகும் இடம் இது. 'ரிஜெக்ட்' அல்லது 'டிஸ்மிஸ்' வந்தால், யோசிக்காமல் எடுத்த எடுப்பிலேயே நிராகரிப்பது. கோரிக்கை கைமீறிப் போனதாக இதை மொழிபெயர்ப்பதை அடிக்கடி பார்க்க முடிகிறது. அது முழுத் தவறு. 'ஆஃப்ஹேண்ட்' என்று சேர்ந்தே வரும் சொல் வேறு: "சரிபார்க்காமல் சட்டென்று சொல்ல முடியாது" என்னும்போது வினையடையாக வரும். ஒருவர் பேசும் தோரணைக்கு அடைமொழியாக வந்தால் அலட்சியமான, முகம் கொடுக்காத பேச்சு.

இந்தப் பட்டியலில் தேர்வுக் கட்டுரைகளை அதிகம் கெடுப்பது 'ஆன் த அதர் ஹேண்ட்'. முன்சொல் 'ஆன்', 'இன்' அல்ல. 'ஹேண்ட்' ஒருமை. அது இன்னொரு கருத்தைக் கூட்டிச் சொல்வதற்கான சொல்லும் அல்ல. ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்களை எதிரெதிராக வைக்கும்போதுதான் வர வேண்டும். வீட்டு வாடகை குறைவு; மறுபுறம், வேலைக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும் என்பது சரி. இரண்டும் உண்மை, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. வாடகை குறைவு; மறுபுறம், காற்றோட்டமும் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் தவறு; அங்கே 'மோர்ஓவர்' போன்ற சொல் வர வேண்டும். "வீடு பழையதா?" என்று கேட்டதற்கு "இல்லவே இல்லை, போன வருடம்தான் கட்டியது" என்று மறுப்பதாக இருந்தால் 'ஆன் த கான்ட்ரரி'. முதல் கூற்றை ஏற்றுக்கொண்டு இன்னொரு பக்கத்தைக் காட்டுவது ஒன்று, முதல் கூற்றையே மறுப்பது மற்றொன்று. 'ஆன் த ஒன் ஹேண்ட்' என்று ஆரம்பித்துவிட்டால், மறுபக்கத்தையும் தராமல் பத்தியை முடிக்காதீர்கள்; படிப்பவர் அதற்காகக் காத்திருப்பார்.

அடைசொல் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பொருள் மாறும். 'கிவ் ஹெர் எ ஹேண்ட்' என்றால் பொதுவாக அவருக்குக் கைகொடு, உதவி செய். 'கிவ் ஹெர் எ பிக் ஹேண்ட்' என்றால் பலமாகக் கைதட்டுங்கள். மேடையில் அறிவிப்பாளர் சொன்னால் 'பிக்' இல்லாவிட்டாலும் கைதட்டல்தான். மூட்டை தூக்கும் இடத்தில் சொன்னால் உதவிதான். 'ஹெர் ஹேண்ட்' என்று கேட்டு அவளுடைய பெற்றோரிடம் போனால் அது பெண் கேட்பது. நாமும் கைப்பிடித்தல் என்கிறோம் என்பதால் இது எளிதாகப் புரிந்துவிடும்.

வினைச்சொல்லாக வரும்போது 'ஹேண்ட்' என்றால் கையால் எடுத்துக் கொடுப்பது. தமிழில் எல்லாவற்றுக்கும் 'கொடு' போதும். ஆங்கிலத்தில் யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பின்சொல் காட்டும். 'ஹேண்ட் இன்' கீழிருந்து மேலே: வீட்டுப்பாடம், ராஜினாமாக் கடிதம், கண்டெடுத்த பணப்பையைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது. 'ஹேண்ட் அவுட்' ஒருவர் பலருக்கு விநியோகிப்பது. 'ஹேண்ட் ஓவர்' பொறுப்பையோ உரிமையையோ மாற்றிக் கொடுப்பது. இலங்கைத் தமிழில் 'கையளித்தல்' என்கிறார்களே, அதைவிடப் பொருத்தமான தமிழ் இதற்கு இல்லை. 'ஹேண்ட் டவுன்' மேலிருந்து கீழே: பாட்டி நகை பேத்திக்கு வருவது, நீதிமன்றம் தீர்ப்பு வழங்குவது. அதனால் "ராஜினாமாவை ஹேண்ட் ஓவர் செய்தேன்" என்பது இடறும், 'ஹேண்ட் இன்' என்பதே வழக்கு.

எழுதும்போது ஒரு கவனம் தேவை. வினையாக இருந்தால் இரண்டு சொல், பெயராக இருந்தால் ஒரே சொல். சாவியை ஒப்படையுங்கள் என்று எழுதும்போது 'ஹேண்ட்'டுக்கும் 'ஓவரு'க்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். ஒப்படைப்பு நாளை நடக்கும் என்றால் சேர்த்து எழுத வேண்டும். அலுவலக மின்னஞ்சல்களில் மிக அதிகமாகக் கண்ணில் படும் பிழை இது. 'ஹேண்ட்அவுட்' பெயராக வந்தால் வகுப்பில் தரும் தாள். அரசியல் பேச்சில் வந்தால் இலவச உதவி, அதுவும் சற்று இகழ்ச்சியோடு. 'ஐ ஹேவ் டு ஹேண்ட் இட் டு யூ' என்று ஒருவர் சொன்னால் எதையும் நீட்டப் போவதில்லை, உங்கள் திறமையை ஒப்புக்கொள்கிறார்.

உடம்பை விட்டு வெளியே போன பொருள்களையும் பார்த்துவிடலாம். கடிகார முள் ஒரு ஹேண்ட். நொடி முள் 'செகண்ட் ஹேண்ட்'. பழைய பொருளும் 'செகண்ட்-ஹேண்ட்'. எழுத்தில் முள்ளுக்கு இரண்டு தனிச் சொற்கள், பழைய பொருளுக்கு நடுவில் இணைப்புக்கோடு. அமெரிக்காவில் பெரும்பாலும் சேர்த்தே எழுதுவார்கள். பேச்சில் முள்ளுக்கு 'செகண்ட்' மேலும், பழைய பொருளுக்கு 'ஹேண்ட்' மேலும் அழுத்தம் விழும்.

உழைக்கும் ஆளும் ஹேண்ட்தான்: பண்ணையாள், கப்பல் தளத்தில் வேலை செய்பவர், நாடக மேடைக்குப் பின்னால் வேலை செய்பவர் எல்லோருக்கும் 'ஹேண்ட்' சேர்ந்த பெயர்கள் உண்டு. நிறுவனங்களில் எல்லா ஊழியரையும் கூட்டும் 'ஆல்-ஹேண்ட்ஸ் மீட்டிங்' கப்பல் கட்டளையிலிருந்து வந்தது. 'ஓல்ட் ஹேண்ட்' என்றால் வயதானவர் அல்ல, அந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். கையெழுத்துக்கும் ஹேண்ட் உண்டு. 'இன் ஹிஸ் ஓன் ஹேண்ட்' என்பது நம் 'தன் கைப்பட' என்பதேதான். சீட்டாட்டத்தில் ஒருவர் கையில் வந்த சீட்டுத் தொகுப்பு ஹேண்ட். பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் அது 13 சீட்டு. 'ஷோ யுவர் ஹேண்ட்', 'ஓவர்ப்ளே யுவர் ஹேண்ட்' போன்ற பேச்சுவார்த்தைச் சொற்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. கையைக் காட்டு என்று மொழிபெயர்த்தால் சைகை காட்டச் சொன்னதாகிவிடும், "உன் திட்டத்தை வெளிப்படுத்து" என்றால்தான் சரி. வாழைத்தாரில் ஒரு சீப்புக்கு ஹேண்ட் என்றும், தனிப் பழத்துக்கு 'ஃபிங்கர்' என்றும் பெயர். துணி வணிகத்தில் ஒரு துணியின் ஹேண்ட் என்றால் தொட்டுப் பார்க்கும்போது அது மென்மையாக, விறைப்பாக, வழவழப்பாக இருக்கும் தன்மை.

குதிரையின் உயரத்தை அளப்பதும் ஹேண்டில்தான். ஒரு ஹேண்ட் 4 அங்குலம், அதாவது 10.16 சென்டிமீட்டர். தலை வரை அளக்க மாட்டார்கள், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே எழும்பி நிற்கும் மேடு வரைதான் அளப்பார்கள். 15.2 ஹேண்ட் என்று எழுதியிருந்தால் அந்தப் புள்ளியைத் தசமப்புள்ளியாகப் படிக்கக் கூடாது. 15 ஹேண்டும் 2 அங்குலமும் என்று பொருள்: 15 × 4 = 60, கூட 2, ஆக 62 அங்குலம், சுமார் 157.5 சென்டிமீட்டர். தசமமாகக் கணக்கிட்டால் 60.8 அங்குலம் என்று தப்பாக வரும். 15.3-க்கு அடுத்தது 16, 15.4 என்று எழுதும் வழக்கமே இல்லை.

'ஹேண்டட்' என்று முடியும் அடைமொழிகளில் ஒருவருடைய குணம் தெரியும். 'ஹை-ஹேண்டட்' பிறர் கருத்தைக் கேட்காத அதிகாரம், 'ஹெவி-ஹேண்டட்' தேவைக்கு மேல் கடுமை, 'ஈவன்-ஹேண்டட்' பாரபட்சமின்மை. 'ரெட்-ஹேண்டட்' கையும் களவுமாகப் பிடிபடுவது. 'ஷார்ட்-ஹேண்டட்' என்றால் ஆள் பற்றாக்குறை; அதைச் சுருக்கெழுத்தான 'ஷார்ட்ஹேண்ட்' என்பதோடு குழப்பக் கூடாது. ஐசக் பிட்மன் 1837-ல் வெளியிட்ட முறையால் நம் தட்டச்சுப் பள்ளிகளுக்கெல்லாம் பழக்கமான சொல் அது. அதற்கு எதிர்ச்சொல் 'லாங்ஹேண்ட்', சாதாரணமாக முழுச்சொற்களாகக் கையால் எழுதுவது.

கடைசியாக, தமிழ் மரபுத்தொடரை அப்படியே ஆங்கிலமாக்குவது. கைகழுவுதல், கைகோத்தல், கை ஓங்குதல் ஆகிய மூன்றும் தப்பித்துவிடும். 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப்', 'ஹேண்ட் இன் ஹேண்ட்', 'அப்பர் ஹேண்ட்' என்று ஆங்கிலத்திலும் உண்டு. மற்றவற்றில் பல தப்பிக்காது. கைமாற்றாக வாங்கிய பணத்தை 'ஹேண்ட் லோன்' என்றால் தெற்காசியாவுக்கு வெளியே புரியாது. எழுத்துப்பத்திரம் இல்லாத குறுகியகாலக் கடன் என்று விவரித்துவிடுவது நல்லது. கைக்காசு போட்டுச் செய்தேன் என்பதற்கு ஆங்கிலத்தில் கை வராது, சட்டைப்பைதான் வரும்: 'அவுட் ஆஃப் மை ஓன் பாக்கெட்'. உதவி கேட்டதும் கையை விரித்துவிட்டார் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் வெறும் அசைவாக மட்டும் நிற்கும். தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார் என்று நேராக எழுதுங்கள். எது தப்பிக்கும், எது தப்பிக்காது என்று பார்க்க, கற்போருக்கான அகராதியில் 'ஹேண்ட்' பக்கத்தின் அடியில் இருக்கும் மரபுத்தொடர்ப் பகுதியைத் திறந்து, நீங்கள் நினைத்த தொடர் அதே முன்சொல்லோடும் அதே ஒருமை பன்மையோடும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க என்ற குறியீடு பக்கத்திலேயே இருக்கும், அதையும் விடாமல் படியுங்கள்.